முழு உறுப்பினர்

பாடம் நடத்துகிறவர்களுக்குத் தொண்டை சீக்கிரம் கட்டிக்கொள்ளும், ஐயா. நடுநடுவே நிறுத்தித் தண்ணீர் குடித்தால் தயங்குகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். எழுதுகிறவருக்கு வசதியாக நிதானமாகவே சொல்கிறேன்.

யாரும் மிரட்டவில்லை, யாரும் ஆசை காட்டவில்லை. நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள், இரண்டு முறையும் அதுதான் என் பதில். முந்தாநாள் ராஜபாளையத்தில் போலீஸிடம் எழுதிக்கொடுத்தது சுருக்கம். முழுவதையும் நீதிபதி முன்னால் சொல்ல வேண்டும் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். இன்று காலை என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு அழைத்துவந்த பெண் போலீஸ், தன் தங்கையை நர்சிங்கில் சேர்க்கலாமா என்று பஸ்ஸில் யோசனை கேட்டாள். நல்ல படிப்பு, சேருங்கள் என்றேன்.

பெயர் பரிபூரணம். வயது நாற்பத்தொன்பது. திருமணம் ஆகவில்லை. ராஜபாளையத்தில் மில்காரர்கள் சிலர் கூடிக் கட்டிய ஆஸ்பத்திரியின் நர்சிங் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக டியூட்டர். வருடத்துக்கு இருபது பிள்ளைகள். வத்திராயிருப்புப் பக்கமிருந்தும் சங்கரன்கோவில் பக்கமிருந்தும் தகரப் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். ஊசி என்றால் கண்ணை மூடிக்கொள்கிற பிள்ளைகளை மூன்றே வருடத்தில் நர்சாக்கி அனுப்புவேன். என் கையில் படித்த நானூறு பேர் இன்று எங்கெங்கோ வேலை பார்க்கிறார்கள்.

நலப்பணிக் கல்வியாளர் சங்கம் என்று ஒன்று சென்னையில் இருக்கிறது. டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் பாடம் சொல்லிக்கொடுப்பவர்களின் சங்கம் அது. வைத்தியம் பார்ப்பதைப் பற்றி அங்கே பேசமாட்டார்கள், அதை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்றுதான் பேசுவார்கள். அப்படி ஒரு சங்கம் இருப்பது தெரிந்த அன்றே விண்ணப்பம் போட்டேன். இணை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். அதில் முழு உறுப்பினர்கள் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்கள். இணை உறுப்பினருக்கு ஓட்டு கிடையாது, பெயர் ஆண்டு மலரின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் வரும். முழு உறுப்பினராக வேண்டுமென்றால் கற்பித்தல் பற்றிச் சொந்தமாக ஆய்வு செய்து கட்டுரை அனுப்ப வேண்டும். குழு அதை ஏற்க வேண்டும்.

1984இல் மதுரையில் மாநாடு நடந்தது. மாணவிகளுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று ஒரு பேராசிரியர் படம் போட்டுக் காட்டினார். அவர் சொன்ன முறையில் ஒரு பிழை இருந்தது. எழுந்து கேட்டேன். தலைமை தாங்கியவர் சிரித்துக்கொண்டே, "இணை உறுப்பினர்கள் கேள்வி கேக்குற வழக்கம் இல்ல சிஸ்டர், உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். மத்தியானச் சாப்பாட்டின்போது ஒருவர் வந்து தலைவலிக்கு மாத்திரை இருக்கிறதா என்று கேட்டார். முதலுதவிக்கு நிறுத்தியிருக்கும் நர்ஸ் என்று நினைத்துவிட்டார் போல. வெளியே கடைக்குப் போய் வாங்கிவந்து கொடுத்தேன். எனக்கு அவர்மேல் கோபம் எதுவும் இல்லை. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பியதும் ஆய்வைத் தொடங்கினேன்.

மருந்து கொடுக்கும் முன் அதன் லேபிளை மூன்று முறை பார்க்க வேண்டும் என்பது பழைய பாடம். எடுக்கும்போது, சிரிஞ்சில் உறிஞ்சும்போது, நோயாளியின் பக்கத்தில் போய் நின்றபின். எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, பரீட்சையில் எல்லாரும் எழுதுகிறார்கள். வார்டில் யாரும் செய்வதில்லை. அதைக் கைப்பழக்கமாக மாற்ற ஒரு வழி கண்டுபிடித்தேன். மருந்துப் பொடியைக் கரைக்கச் சுத்தநீர் வரும் அல்லவா, கண்ணாடி ஆம்பூலில்? வார்டில் அதைத் தண்ணி ஆம்பூல் என்பார்கள். அந்தத் தண்ணீரிலேயே சிலவற்றின்மேல் வேறு மருந்தின் லேபிளை ஒட்டி மாணவிகளின் டிரேயில் கலந்துவைப்பேன். பார்த்துப் பிடித்துவிட்டால் பாராட்டு. பார்க்காமல் போட்டால் நோயாளிக்கு எந்தக் கெடுதலும் இல்லை, உள்ளே போவது வெறும் தண்ணீர்தான். பொறவு தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுவேன். பிள்ளைகள் அதற்கு 'சிஸ்டர் தண்ணி' என்று பேர் வைத்திருந்தார்கள். ஒருத்தி ஏமாந்தால் ஹாஸ்டலில் இரண்டு நாள் கேலி நடக்கும்.

அறுபது முறை வைத்துப் பார்த்ததில் பதினோரு முறை பிள்ளைகள் பார்க்காமல் போட்டார்கள். நாள், நேரம், பேர் எல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். கட்டுரையாக்கி 1987இல் அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து, நடை நன்றாக இருக்கிறது, எண்ணிக்கை போதாது என்று திரும்பி வந்தது. இன்னும் நூறு முறை செய்து மறுபடி அனுப்பினேன். அப்போது சங்கத்தின் செயலாளராக இருந்தவர் டாக்டர் ராஜரத்தினம். மரியாதை தெரிந்த மனிதர். தன் கையாலேயே பதில் எழுதியிருந்தார். அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம். "தங்கள் உழைப்பு பாராட்டத்தக்கது. ஆயினும் இத்தவறுகளால் எந்த நோயாளிக்கும் பாதிப்பு நேரவில்லை என்பதால், தங்கள் முறையின் அவசியம் நிரூபணமாகவில்லை எனக் குழு கருதுகிறது."

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அதை நாலைந்து தடவை படித்தேன். குழு சொன்னதில் நியாயம் இருந்தது. தவறால் கெடுதல் வரும் என்று நான் வாயால்தான் சொல்லியிருந்தேன். காட்டவில்லை.

1989 ஆகஸ்டில் ஆண்கள் வார்டில் ராக்கப்பன் என்பவர் சேர்ந்தார். செட்டியார்பட்டிக்காரர், மில்லில் ஃபிட்டர், வயது முப்பத்தாறு. காலில் இரும்புப் பட்டை விழுந்து புண் சீழ் பிடித்திருந்தது. ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் நரம்பில் ஊசி. பத்து நாளில் புண் நன்றாக ஆறிவிட்டது. வார்டில் எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். பக்கத்துக் கட்டில் ரேடியோவை ரிப்பேர் செய்து கொடுத்திருந்தார். நான் ரவுண்ட்ஸ் போகும்போது, "என்ன சிஸ்டர், நாளக்கழிச்சு வீட்டுக்கு விட்ருவீகளா? மில்லுல என் மிஷின எவனாச்சும் கெடுத்துருப்பான்" என்பார். அவர் மனைவி மாரியாத்தாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவரை அதட்டிக்கொண்டே இருப்பாள். "வாய மூடிக்கிட்டுக் கெடங்க. சிஸ்டருக்கு வேற சோலி இல்ல பாருங்க."

இரண்டாம் வருடத்தில் சுடலையம்மாள் என்று ஒரு பிள்ளை. கான்சாபுரத்துப் பெண், வயது பத்தொன்பது. தகப்பனுக்கு விவசாயக் கூலி வேலை. அந்த வருடத்துப் பிள்ளைகளில் அவள்தான் முதல். அவள் டிரேயில் பதினாலு முறை சிஸ்டர் தண்ணி வைத்திருக்கிறேன், பதினாலும் பிடித்துவிட்டாள். பிடித்ததும் ஓடிவந்து ஆம்பூலை நீட்டி, "சிஸ்டர், ஒங்க தண்ணி" என்று சிரிப்பாள். என்னைப் பார்த்துத்தான் அவள் தலையை அப்படி வாரிக்கொள்கிறாள் என்று மற்றப் பிள்ளைகள் சொல்வார்கள்.

ஆகஸ்ட் இருபத்து மூன்றாம் தேதி, சாயங்காலம் நாலு மணி ஊசி. ராக்கப்பனின் டிரேயில் தண்ணி ஆம்பூல் இருக்க வேண்டிய இடத்தில் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் இருந்தது. உருவத்தில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். அதைப் பாட்டில் குளுக்கோஸில் கலந்து மெதுவாக ஏற்ற வேண்டும். அப்படியே நரம்பில் போட்டால் இதயம் நின்றுவிடும். சுடலையம்மாள் அதில் மருந்தைக் கரைத்துப் போட்டாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மாரியாத்தாள் அப்போது அவருக்குச் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, ஏங்க" என்று இரண்டு முறை கூப்பிட்டாள். பொறவு, "சிஸ்டர், அவிய கண்ணு ஒரு மாதிரி போவுது" என்றாள். நான் ஓடிப்போய் நெஞ்சை அழுத்தினேன், டாக்டரைக் கூப்பிட்டேன், செய்ய வேண்டியது எல்லாம் செய்தேன். அதில் குறை சொல்ல முடியாது.

ஆம்பூல் தவறுதலாகக் கலந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அது பூட்டிவைக்கிற மருந்து. சாவி இரண்டு பேரிடம் இருக்கும். வார்டு சிஸ்டர் அன்று லீவு. நான்தான் எடுத்துவைத்தேன்.

ஏன் ராக்கப்பன் என்று போலீஸில் கேட்டார்கள். அந்த நேரத்துக்கு ஊசி போட வேண்டியவர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். இரண்டு பேர் பள்ளிக்கூடப் பையன்கள். சின்னப் பிள்ளைகளை நான் தொடமாட்டேன். நாலு பேர் வயதானவர்கள். ஒருவருக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி, இன்னொருவருக்குச் சர்க்கரை நோய். அவர்கள் இறந்தால் எதனால் என்று குழப்பம் வரும். மீதி ஒருவர் அன்று காலையில்தான் சேர்ந்தவர், என்ன நோயென்றே தெரியாது. ராக்கப்பன் நல்ல ஆரோக்கியமான மனிதர். அவருக்கு இறப்பதற்கு வேறு காரணமே கிடையாது. சுடலையம்மாளைத் தேர்ந்தெடுத்ததும் அப்படித்தான். கவனமில்லாத ஒருத்தி தவறு செய்தால், அவள் அப்படித்தான் என்று விட்டுவிடுவார்கள். கெட்டிக்காரியே தவறினால்தான் குழு யோசிக்கும்.

ஆஸ்பத்திரி சூப்பிரண்டு டாக்டர் சுப்புராஜ் மறுநாளே விசாரித்தார். வெளியே தெரிந்தால் பள்ளிக்கு அங்கீகாரம் போய்விடும் என்று அவருக்குப் பயம். ஊசி மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டார்கள். சுடலையம்மாளை அவர் அறையில் நிறுத்தினார்கள். அறைக்குப் போகும் முன் அவளை நான் தனியே கூப்பிட்டு, "நீ ஒண்ணும் பேசாத. எல்லாம் நான் பாத்துக்கிடுறேன்" என்று சொல்லியிருந்தேன்.

சுப்புராஜ் கேட்டார்: "ஏம்மா, லேபிளப் படிச்சியா, இல்லையா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"அங்க என்ன பார்வ? ஒன்னத்தான கேக்குறேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுப்புராஜ் என் பக்கம் திரும்பினார். "நீங்க அங்கதான இருந்தீங்க சிஸ்டர்? பாத்தாளா?"

"பாக்கலன்னுதான் நெனைக்கேன் டாக்டர்" என்றேன்.

அன்றே பெட்டியைக் கட்டச் சொன்னார்கள். தகப்பன் சிவனாண்டி வந்து கூட்டிப்போனார். அந்த மனிதர் பள்ளி வாசலில் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "ஒங்க நல்ல பேருக்கும் சேத்து இழுக்கு வச்சுட்டா, மன்னிச்சுக்கிடுங்கம்மா" என்றார். அவள் பின்னாலேயே போனாள். வாசல் தாண்டும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று எதிர்பார்த்தாள் போல.

ஒரு வாரம் கழித்து மாரியாத்தாள் வந்தாள். வார்டில் விட்டுப்போன தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போக வந்தவள், என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்புட்டுப் பேரும் ஓடுனாக. நீங்கதான் சிஸ்டர் அவிய நெஞ்சுல கைய வச்சுக்கிட்டுக் கடைசி வரைக்கும் நின்னீக. அது போதும்" என்றாள். அவள் அழுது முடிக்கும்வரை கூடவே இருந்தேன்.

கட்டுரையை மூன்றாவது முறை அனுப்பினேன். 'கவனிப்புக் காலத்தில் ஒருநாள், டிரேயில் தவறுதலாகக் கலந்துவிட்ட ஆம்பூலை மாணவி ஒருவர் பாராமலும் யாரிடமும் கேளாமலும் செலுத்தியதால் ஓர் உயிர் போயிற்று' என்று ஒரு பத்தி சேர்த்திருந்தேன். ஊர் பேர் குறிப்பிடவில்லை. ஆறே வாரத்தில் பதில் வந்தது. 1990 ஜனவரியில் சென்னை மாநாட்டில் அதைப் படித்தேன். அந்தப் பத்தியைப் படித்தபோது அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. முடித்ததும் ராஜரத்தினம் மேடைக்கு வந்து முழு உறுப்பினருக்கான பொன்னிற வில்லையை என் சேலையில் குத்தினார். மாவட்டத்தில் முழு உறுப்பினரான முதல் நர்ஸ் நான்தான். அடுத்த வருடம் சில நர்சிங் பள்ளிகள் என் முறையைப் பாடத்தில் சேர்த்தன. எத்தனை மாணவிகள் அதனால் நிதானித்துப் பார்த்திருப்பார்கள், எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று நான் கணக்கிட்டதில்லை. நிச்சயமாக ஒருவருக்கு மேல் இருக்கும்.

போன வருடம், 1996இல், மாணவிகளைச் சத்திரப்பட்டிக்கு அழைத்துப்போனேன். பேண்டேஜ் துணி எப்படித் தயாராகிறது என்று வருடாவருடம் காட்டுவது வழக்கம். மடிக்கிற பகுதியில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி எழுந்து வந்தாள். சுடலையம்மாள். இளைத்துப் போயிருந்தாள். கல்யாணம் ஆகவில்லையாம், கொலைகாரி என்று ஊரில் பேச்சு வந்து இரண்டு இடம் தட்டிப்போயிற்றாம். அவள் அதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, நான் கேட்டதற்குச் சொன்னாள். பொறவு என் மாணவிகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கலாமா? கோவப்படக் கூடாது."

"கேளு."

"அன்னைக்கு ஊசி போடுறதுக்கு முந்தி நான் ஒங்ககிட்ட வந்து ஏதாச்சும் கேட்டேனா? கேட்ட மாதிரியும் இருக்கு, கேக்காத மாதிரியும் இருக்கு. ஏழு வருசமா அம்புட்டுப் பேரும் நீ பாக்கல, நீ பாக்கலன்னு சொல்லிச் சொல்லி எனக்கே ஒண்ணும் வெளங்கல. ராத்திரி படுத்தா அதே ரோசனதான்."

"நீ கேக்கல, சுடலை" என்றேன்.

"அப்ப சரி சிஸ்டர்" என்றாள். "தெரிஞ்சா போதும்னுதான் கேட்டேன்." மறுபடி போய் உட்கார்ந்து துணியை மடிக்க ஆரம்பித்தாள். மடிப்பு ஒவ்வொன்றும் நூல் பிடித்ததுபோல இருந்தது. என் மாணவிகளிடம் அதைக் காட்டி, கை வேலை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொன்னேன்.

இப்போது ஏன் வந்து ஒப்புக்கொள்கிறேன் என்றால், சங்கம் தன் சிறந்த கட்டுரைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போடுகிறது. மூலக் குறிப்புகளை அனுப்பச் சொல்லிப் பிப்ரவரியில் கடிதம் வந்தது. என் நோட்டை அப்படியே அனுப்பினேன். பக்கத்தைக் கிழித்திருக்கலாம். நான் பதிவேட்டில் கை வைக்கிறவள் அல்ல, ஐயா. நேரத்தைக்கூட அரை நிமிடம் மாற்றி எழுதமாட்டேன். மாணவிகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆகஸ்ட் இருபத்து மூன்றாம் தேதிப் பக்கத்தில் இருக்கும் மூன்று வரிகளுக்கு விளக்கம் கேட்டுப் புதுச் செயலாளர் எழுதினார். விளக்கம் வரும்வரை என் உறுப்பினர் பதவியை நிறுத்திவைத்திருப்பதாகவும் அதே கடிதத்தில் இருந்தது. பத்து நாள் யோசித்தேன். சங்க விதிகளை எடுத்துப் பார்த்தேன். தன் ஆய்வில் உள்ள பிழையைத் தானே முன்வந்து திருத்துகிற உறுப்பினரை நீக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. அதனால் வந்தேன்.

அந்த மூன்று வரிகளை இப்போது சொல்லிவிடுகிறேன். இது போலீஸில் எழுதிக்கொடுத்ததில் இல்லை.

நாலு மணி மூன்று நிமிடத்துக்கு அவள் ஆம்பூலை எடுத்தாள். படித்தாள். டிரேயைக் கீழே வைத்துவிட்டு, வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்த என்னிடம் வந்தாள். வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே நீட்டினாள்.

"சிஸ்டர், பொட்டாசியம்னு போட்டிருக்கு. ஒங்க தண்ணிதான இது?"

"ஆமா, என் தண்ணிதான். பதினஞ்சாவது தடவையும் பிடிச்சிட்டியே" என்றேன்.

"அப்ப வேற எடுத்துட்டு வரட்டுமா?"

"எதுக்கு? உள்ள இருக்கது தண்ணிதான. அதுலயே கரைச்சுப் போடு."

அவள் ஒரு கணம் நின்றாள். லேபிளை இன்னொரு முறை பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "சரி சிஸ்டர்" என்று போனாள். நான் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

ராக்கப்பனைக் கொன்றது நான். அந்தப் பிள்ளைக்கு அதில் பங்கில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளலாம். நீங்கள் கொடுக்கும் தண்டனை எதுவானாலும் மேல்முறையீடு செய்யப்போவதில்லை.

கேட்டுக்கொள்வது ஒன்றுதான், ஐயா. இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றைச் சங்கத்துக்கு அனுப்ப உத்தரவிட வேண்டும். என் பழைய கட்டுரை தவறு. லேபிளைப் பார்க்காததால் ஒரு மாணவி தவறினாள் என்று அதில் எழுதியிருக்கிறேன். உண்மையில் அவள் பார்த்தாள், படித்தாள், கேட்டாள். ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னதும் தன் கண்ணால் படித்ததையே விட்டுவிட்டாள். ஏழு வருடம் கழித்து, கேட்டதையே கேட்கவில்லை என்றும் நம்பினாள். கற்பித்தலின் வலிமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை வேறு யாரும் கொடுத்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை. திருத்திய கட்டுரையைக் காவலில் இருக்கும்போதே எழுதி முடித்துவிடுவேன். ஜனவரி மாநாட்டில் அதை நானே படிக்க அனுமதி கிடைத்தால் நன்றாக இருக்கும்.